டைப்-சி ஹப்: நான்கு மாதம் பயன்படுத்திய பிறகு

லேப்டாப்பில் இருப்பதே இரண்டு டைப்-சி போர்ட், அதில் ஒன்று சார்ஜருக்குப் போய்விடுகிறது என்பதால் ஒரே டைப்-சி போர்ட்டைப் பல போர்ட்டுகளாக்கித் தரும் இந்த ஹப்பை சென்னை ரிச்சி தெருவில் வாங்கினேன். கீபோர்டு, பிரிண்டர், பென்டிரைவ் எல்லாம் செருகியதுமே வேலை செய்கின்றன, அதில் குறையே இல்லை.

படுத்தி எடுத்தது வயர்லெஸ் மவுஸ்தான். ஹப்பில் செருகிய ஹார்டு டிஸ்கில் காப்பி ஓடும்போதெல்லாம் கர்சர் விட்டுவிட்டு நகர்ந்தது, மவுஸ்தான் போய்விட்டது என்று நினைத்தேன். விஷயம் வேறு. ஹார்டு டிஸ்க் பயன்படுத்தும் வேகமான யுஎஸ்பி 3.0 இணைப்பு வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் கிளம்பும், மவுஸ் டாங்கிளும் (யுஎஸ்பியில் செருகும் அதன் குட்டி ரிசீவர்) அதே அலைவரிசைதான், இரண்டும் ஒட்டி உட்கார்ந்தால் இப்படித்தான் ஆகும். டாங்கிளை ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிளில் போட்டு அரை அடி தள்ளி வைத்தேன், சரியாகிவிட்டது.

மானிட்டரை இணைக்கும் எச்டிஎம்ஐ போர்ட்டில்தான் எனக்குக் கோபம். அட்டைப்பெட்டியில் 4கே என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, 30 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 30 முறைதான் படம் மாறும்) என்பதைப் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். மானிட்டரில் ஒரு விண்டோவை இழுத்தாலே படம் திக்குவது கண்ணுக்குத் தெரிகிறது. வாங்கப் போகிறவர்கள் 4கேக்கு 60 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா பாருங்கள், அப்புறம் உங்கள் லேப்டாப்பின் டைப்-சி போர்ட் வீடியோ அனுப்புமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், எல்லா போர்ட்டும் அனுப்பாது.