ஏசிபி முகப்பு: ஷீட் ஓகே, மூட்டுதான் உயிரை வாங்குகிறது

மூன்று மாடி ஏசிபி முகப்பில் (இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே நிரப்புப்பொருள் வைத்த ஷீட்), ஷீட்டுகளுக்கு இடையிலான மூட்டை அடைக்கும் சிலிக்கான் முழுவதையும் அறுத்தெடுத்துப் புதிதாக அடித்த கையோடு எழுதுவது, அதனால் கொஞ்சம் காரமாகவே இருக்கும்.

ஷீட்டைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 4 மி.மீ. கனம், வெயிலைத் தாங்கும் பிவிடிஎஃப் பூச்சு. மேற்கு வெயிலிலும் நிறம் மங்கவில்லை. சாரல் சுவரைத் தொடாததால் உள்பக்க ஓதம் நின்றுவிட்டது. பெயின்ட் செலவும் மிச்சம்.

ஆனால் ஒவ்வொரு மூட்டுக்கும் கீழே கண்மை வழிந்த மாதிரி கறுப்புக் கோடு. வெறும் தூசி என்றால் மழையே கழுவிவிடும். மலிவான சிலிக்கானில் கலந்திருக்கும் எண்ணெய் மெல்லக் கசிந்து ஷீட்டின்மேல் பரவுகிறது, தூசி அதில் ஒட்டுகிறது, மழை அதைக் கோடாக இழுக்கிறது. சோப்புத் தண்ணீருக்கு அசையாவிட்டால், தண்ணீர் கலந்த ஐசோபுரோபைல் ஆல்கஹாலை மூலையில் சோதித்துவிட்டுத் துடைக்கலாம். தின்னர் கூடாது, பூச்சைக் கெடுக்கும். எப்படித் துடைத்தாலும் அந்த சிலிக்கான் மூட்டில் இருக்கும்வரை கோடு திரும்ப வரும்.

அதனால் மாற்றத்தான் வேண்டும். வினிகர் வாடை அடிக்கும் வகை வேண்டாம். அந்த அமில வாடை இல்லாமல் காயும் நியூட்ரல் க்யூர், அதிலும் கறை விடாத வெதர் சீலன்ட் (வெயில் மழை தாங்கும் அடைப்பான்) என்று கேட்டு வாங்குங்கள். 10 மி.மீ. மூட்டுக்கு 12 அல்லது 13 மி.மீ. பேக்கர் ராட் (மூட்டின் உள்ளே திணிக்கும் நுரைக் கயிறு) அழுத்தி, இரு ஓரமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, 5 மி.மீ. ஆழத்துக்கு மட்டும் அடிக்க வேண்டும். 300 மி.லி. குழாய் கணக்குப்படி 6 மீட்டர் வரும், சேதாரம் போக 5 என்று வையுங்கள். ராடைத் தவிர்க்கத்தான் ஆட்கள் பார்ப்பார்கள். விடாதீர்கள். 8 அடி ஷீட் 40 டிகிரி வெப்ப வித்தியாசத்தில் 2 மி.மீ.க்கு மேல் நீண்டு சுருங்கும். ராட் இல்லாவிட்டால் சிலிக்கான் பின்பக்கமும் ஒட்டிக்கொண்டு, இழுபட வழியில்லாமல் கிழியும். தண்ணீர் உள்ளே போகும்.

கோட்டுக்கு இன்னொரு காரணம் கைப்பிடிச்சுவரின் தலைப்பகுதி. அங்கே மூடும் ஷீட்டின் சரிவு மொட்டைமாடிப் பக்கம் இருக்க வேண்டும். தெருப்பக்கம் சரிந்தால் மேலே சேரும் தூசியெல்லாம் முகப்பில்தான் இறங்கும்.

உள்ளே பாலிஎதிலீன் என்ற பிளாஸ்டிக் நிரப்பிய ஷீட் விலை குறைவு, ஆனால் தீயை ஏந்திக்கொண்டு மேலேறும். 2017-இல் லண்டன் கிரென்ஃபெல் கட்டடத்தில் 72 பேர் இறந்த தீ அந்த வகை ஷீட் வழியாகத்தான் பரவியது. தீத்தடுப்பு வகை மட்டும் வாங்குங்கள், சான்றிதழையும் கேளுங்கள்.

ஷீட் இவ்வளவு நன்றாக உழைத்தும், அடுத்த கட்டடத்துக்கு ஏசிபி கிடையாது. தரைத்தளக் கடை முகப்பு என்றால் போடலாம், ஏணி வைத்தே துடைத்துக்கொள்ளலாம். மூன்று மாடிக்கு ஒவ்வொரு முறையும் சாரம் கட்டுகிற கூலியைக் கேட்டால் பெயின்டே தேவலாம்.