செஷன் ஹோஸ்டா, ஆளுக்கொரு விஎம்மா?

ரிமோட் டெஸ்க்டாப் (வேற எங்கயோ ஓடுற கம்ப்யூட்டர நம்ம ஸ்க்ரீன்ல யூஸ் பண்றது) செட்டப்புக்கு ரெண்டு வழி, ஒரே விண்டோஸ் சர்வர்ல பல பேர் லாகின் பண்ற செஷன் ஹோஸ்ட், இல்லேன்னா ஆளுக்கொரு விஎம் (சர்வருக்குள்ள சாஃப்ட்வேராவே ஓடுற தனி கம்ப்யூட்டர்) குடுக்குற விடிஐ. செலவுன்னு பாத்தா செஷன் ஹோஸ்ட் தான், ஒரு சர்வருக்கு பேட்ச் போட்டா எல்லாருக்கும் போட்ட மாதிரி.

ஆனா ஏதாவது மக்கர் பண்ணும்போது தான் வித்தியாசம் தெரியும். செஷன் ஹோஸ்ட்ல ஒரே ஒருத்தர் எக்செல்ல பெரிய மேக்ரோவ ஓட விட்டா கூட, சிபியு எகிறி மத்தவங்களுக்கும் ஸ்க்ரீன் இழுக்கலாம், நீங்க டாஸ்க் மேனேஜர்ல யூசர்ஸ் டேப்ப தொறந்து யாருன்னு தேடணும். ரிமோட் டெஸ்க்டாப் லைசென்ஸ் வேற. லைசென்ஸ் இல்லாமலே விடுற 120 நாள் கிரேஸ் பீரியட்ல ஜம்முனு ஓடும், லைசென்ஸ் சர்வர் வைக்க மறந்தீங்கன்னா அது முடிஞ்சதும் யூசர் யாரும் உள்ள வர முடியாது.

விடிஐல ஒரு விஎம் தொங்கினா அந்த ஆளுக்கு மட்டும் தான் அவதி, ரீஸ்டார்ட் பண்ணிட்டு போயிடலாம். அங்க தலைவலி ப்ரொஃபைல், அதாவது யூசரோட ஃபைல், செட்டிங்ஸ் எல்லாம். எஃப்எஸ்லாஜிக்ஸ்ங்கற மைக்ரோசாஃப்ட் டூல் மாதிரி ப்ரொஃபைல தனி விஎச்டி ஃபைலா (ஒரு டிஸ்க்கையே ஃபைலா வைக்கிறது) நெட்வொர்க் ஷேர்ல வச்சிருந்தா, பழைய செஷன் அத விடாம புடிச்சிட்டிருக்கும்போது புது லாகின் டெம்ப் ப்ரொஃபைல்ல (லாக் ஆஃப் ஆனா அழிஞ்சிடுற தற்காலிக ப்ரொஃபைல்) போய் நிக்கலாம், யூசர் "என் ஃபைல் எல்லாம் காணோம்"னு பதறுவார். எங்கயும் போகல, பழைய செஷன லாக் ஆஃப் பண்ணிட்டு மறுபடி லாகின் பண்ணா வந்துடும். டெம்ப்ல சேவ் பண்ணது தான் போச்சு!

ஸ்லோவா இருக்குன்னு வர்ற புகார் ரெண்டுக்கும் பொது, நேரடி ஆர்டிபின்னா (ரிமோட் டெஸ்க்டாப் பேசுற முறை) ஃபயர்வால்ல 3389 போர்ட்டோட வேகமான யுடிபி வழி அடைபட்டு டிசிபில மட்டும் ஓடுதான்னு மொதல்ல பாருங்க.

எல்லாரும் ஒரே ரெண்டு மூணு ஆப் தான் யூஸ் பண்றாங்கன்னா செஷன் ஹோஸ்ட்டே போதும், அட்மின் ரைட்ஸ் கேக்குற டெவலப்பர்ங்கள மட்டும் தயவுசெஞ்சு அதுல ஏத்தாதீங்க, அவங்களுக்கு விஎம் தான்.