கயாக் மூடி: மரமா, ரப்பரா?

பினாங்கில் சொந்தமாகப் பிளைவுட் கயாக் (ஒடுங்கிய துடுப்புப் படகு) கட்டுபவர்களுக்கு, சாமான் வைக்கும் மேல்தளத் திறப்பான ஹேட்ச்சின் மூடியில்தான் தலைவலி. மேல்தளத்தில் வெட்டியெடுத்த துண்டையே மூடியாக்கினால் மரத்தின் வரி அறுபடாமல் ஓடும், அழகுக்கு ஈடில்லை. ஆனால் அடியில் ஒட்டும் விளிம்பு கொஞ்சம் கோணினாலும் நீரை அடைக்கும் ஃபோம் கேஸ்கட் சரியாக அமுங்காது, தண்ணீர் கசியும். மேலே கட்டும் பட்டையும் இறுக்கமாக இருக்க வேண்டும். கடையில் வாங்கும் ரப்பர் மூடி பார்க்கச் சுமார்தான். சுற்றி அழுத்தினால் போதும், நீர் புகாது. வெயிலில் நாளடைவில் ரப்பர் வெடிப்பு விடும். சரி, மூடியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

எதுவானாலும் சாமான் அறையைப் பிரிக்கும் உள்தடுப்பில் 2 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். பத்து ஃபெரிங்கி கடற்கரை மணலில் காய்ந்த கயாக்கைக் கடலில் இறக்கினால், உள்ளே சூடேறிய காற்று குளிர்ந்து சுருங்கி மூடியின் ஓரம் வழியே நீரை உறிஞ்சும்; துளை இருந்தால் அதன் வழியே காற்று புகுந்து அழுத்தம் சமனாகும். தெலுக் பஹாங்கிலிருந்து முகாம் சாமானோடு கிளம்புவதென்றால் நான் ரப்பர் பக்கம்தான்.