டிரைவர் மாத்துனா மானிட்டர் செட்டிங் போகாம இருக்க எது தேவல?

பாளையங்கோட்டைல நம்ம டிடிபி கடைல லினக்ஸ்தான் ஓடுது, எக்ஸ் லெவன் (திரைல படம் காட்டுத பழைய முறை) செஷன், ரெண்டு மானிட்டர், ஒண்ணு படுக்கையா, இன்னொண்ணு கல்யாணப் பத்திரிகை முழுப்பக்கமும் தெரியணும்னு நட்டமா நிக்கும். என்விடியா கார்டுக்கான ஓப்பன் சோர்ஸ் டிரைவர் நூவோவுல இருந்து என்விடியா கம்பெனியோட சொந்த டிரைவருக்குப் போறதுக்கு முன்னாடி இந்த அமைப்ப எப்படிக் காப்பாத்தலாம்னு பாத்தோம், கடைசில மானிட்டர் அமைப்ப சேவ் பண்ணி தானா திரும்பப் போடுத ஆட்டோரேண்டருக்கு வந்தாச்சி.

ஒத்த மானிட்டர்தான்னா க்னோம் டெஸ்க்டாப்போட செட்டிங்ஸே போதும், வேற எதுவும் தேடாதீங்க. எக்ஸ்ரேண்டர் (மானிட்டர் அமைப்ப மாத்துத கமாண்டு) ஸ்கிரிப்டும் நல்ல வழிதான், நாலு வரில முடிஞ்சிரும்.

ஆனா இந்த ரெண்டுமே போர்ட் பேர நம்பி நிக்கி. எக்ஸ்ல நூவோ ஹெச்டிஎம்ஐ-1ன்னு சொல்லுத போர்ட்ட என்விடியா டிரைவர் ஹெச்டிஎம்ஐ-0ன்னு சொல்லும், கேபிள் அதே கேபிள், மானிட்டரும் அதே மானிட்டர். க்னோம் தன்னோட மானிட்டர்ஸ் எக்ஸ்எம்எல் ஃபைல்ல கனெக்டர் பேரு, கம்பெனி, மாடல், சீரியல்னு நாலையும் எழுதி வச்சிக்கிடும், நாலும் பொருந்துனாத்தான் எடுக்கும், அதனால பேரு மாறுனா புது மானிட்டர்னு நெனச்சி டீஃபால்ட்டுக்குப் போயிரும் (ஃபைல் அழியாது, பழைய டிரைவருக்குத் திரும்புனா செட்டிங்கும் திரும்பிரும்). ஸ்கிரிப்ட்டுக்கும் அதே கதிதான், ரெண்டு பேரையும் எழுதி வைக்கலாம், ஆனா போர்ட் மாத்தி மாட்டுனா மறுபடி உக்காந்து திருத்தணும்.

ஆட்டோரேண்டர் மானிட்டரோட ஈடிஐடியவே பாக்கும். அது மானிட்டரே கார்டுக்குச் சொல்லுத, குறைஞ்சது 128 பைட் உள்ள அடையாளம், கம்பெனி கோடு, மாடல் எல்லாம் அதுல இருக்கும், டிரைவர் எதுவானாலும் அது மாறாது. மேட்ச்-ஈடிஐடி (--match-edid) ஆப்ஷன மட்டும் மறக்காம குடுங்க, இல்லன்னா இதுவும் போர்ட் பேரையும் சேத்துத்தான் தேடும். பொசிஷன், ரொட்டேஷன், ரெஃப்ரெஷ் ரேட், காமா எல்லாம் சேத்தே வச்சிக்கிடும்.

எக்ஸ்ஆர்க் கான்ஃப்ங்குத எக்ஸோட செட்டிங் ஃபைல்ல எழுதி வைங்கன்னு சில அண்ணாச்சிமாரு சொல்லுவாங்க, நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன். அந்த ஃபைல்ல டிரைவர் பேரே எழுதிருக்கும், கெர்னல் (லினக்ஸோட அடிப்படைப் பகுதி) அப்டேட்டுக்கு அப்புறம் அந்த டிரைவரோட மாட்யூல் பில்டு ஆகலைன்னா எக்ஸே எழும்பாது, ஆவணி முகூர்த்த நேரத்துல கறுப்புத் திரைய வச்சிக்கிட்டு பத்திரிகைக்கு வந்தவங்ககிட்ட என்ன சொல்ல?

ஒரே மாடல் ரெண்டு வாங்கி சீரியல் நம்பர் வெறுமனே இருந்தா ஈடிஐடி ஒண்ணு போலயே இருக்கும், அங்க இது குழம்பும், நம்ம மானிட்டர் வேற வேற கம்பெனிங்கதால அந்தச் சிக்கல நேர்ல பாத்ததில்ல. எக்ஸ் லெவனுக்குப் பதிலா வந்த வேலண்ட்ல ஆட்டோரேண்டர் வேலைக்கு ஆகாது, அங்க டெஸ்க்டாப்போட சொந்த செட்டிங்தான்.

டிரைவர தொடுததுக்கு முன்னாடியே ஆட்டோரேண்டர்ல சேவ் குடுத்துருங்க, மேட்ச்-ஈடிஐடி ஆப்ஷனோட ஸ்டார்ட்டப்லயும் போட்டுருங்க.