பைதான் மூட்டையா, கோ ஒற்றை ஃபைலா? பதினான்கு கடைகளுக்கு பில்லிங் போட்டவன் கணக்கு

2025 செப்டம்பர் 3 ராத்திரி. ஜிஎஸ்டி கவுன்சில் முடிவு டிவியில் ஓடிக்கொண்டிருக்க, நான் தண்டையார்பேட்டையில் பரோட்டா பார்சலுக்குக் காத்திருந்தேன். 12 சதவீத அடுக்கு போகிறது, 28 போகிறது, துணிமணிக்கு 5 சதவீத வரம்பு ஆயிரம் ரூபாயிலிருந்து 2,500 ரூபாய்க்கு ஏறுகிறது, எல்லாம் 22ஆம் தேதி முதல். பார்சல் கைக்கு வருவதற்குள் எம்.சி. ரோடு துணிக்கடை அண்ணன் போன் செய்துவிட்டார். "தம்பி, நியூஸ் பாத்தியா? நம்ம பில்லுல தானா மாறிடும்ல?"

தானாக மாறாது. வரி விகிதம் மட்டும் என்றால் கடைக்காரரே செட்டிங்கில் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அந்த ஆயிரம் ரூபாய் வரம்பை நான் நிரலுக்குள்ளேயே எண்ணாக எழுதி வைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சோம்பல். ஆக, பதினான்கு கடைகளுக்கும் புதுப் பதிப்பு போயாக வேண்டும், பத்தொன்பது நாளில்.

அப்போது என் கடைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தன. ஒன்பது கடைகளில் பைதான் மொழியில் எழுதி, பைஇன்ஸ்டாலர் என்ற கருவியால் மூட்டை கட்டிய பழைய மென்பொருள். ஐந்தில் கோ மொழியில் திரும்ப எழுதிய புதியது. மொழி மாற்றும்போது அந்த ஆயிரம் ரூபாய் தப்பையும் அப்படியே எடுத்துப் போயிருந்தேன், அது தனிக் கதை. ஒரே திருத்தம், ஒரே கெடு, இரண்டு விதமான பொட்டலம். உட்கார்ந்து திட்டமிட்டாலும் இப்படி ஒரு பரீட்சை அமையாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் கோ பக்கம். நடுநிலை வேண்டுவோர் வேறு யாரையாவது கேட்டுக்கொள்ளலாம்.

"எதுக்குப்பா இதெல்லாம், ஆன்லைனில் வைத்துவிட வேண்டியதுதானே" என்று கேட்பார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் எங்கள் பக்கம் நெட் எத்தனை நாள் படுத்துக் கிடந்தது என்று வியாசர்பாடியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கடைக்குள் இருக்கும் கம்ப்யூட்டரிலேயே பில் ஓட வேண்டும். அந்தப் பேச்சு அத்துடன் முடிந்தது. வெப் பக்கத்தையே கம்ப்யூட்டர் மென்பொருளாக மாற்றித் தரும் எலக்ட்ரானும் சரிவரவில்லை. ஒவ்வொரு மென்பொருளோடும் ஒரு முழு குரோமியம் பிரவுசரைச் சுமந்து போக வேண்டும், அதுவும் 22ஆம் பதிப்புக்குப் பிறகு விண்டோஸ் 7ஐக் கைவிட்டுவிட்டார்கள்.

கம்ப்யூட்டர்களையும் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலும் விண்டோஸ் 10, 11. காசிமேட்டில் மீன் கமிஷன் கடை ஒன்றில் 32 பிட் விண்டோஸ் 7. உப்புக் காற்றில் பின்பக்க யூஎஸ்பி ஓட்டைகள் துருப்பிடித்து, முன்னால் ஒன்று மட்டும்தான் வேலை செய்கிறது. வியாசர்பாடி ஸ்டேஷனரி கடையில், மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த அரசு லேப்டாப்பில் உபுண்டு என்ற லினக்ஸ் ஓஎஸ் போட்டுக் கொடுத்திருக்கிறேன். வேறு இரண்டு கடைகளிலும் உபுண்டு. ராயபுரத்தில் கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்யும் கடையில் ஒரு மேக்.

பைதானை நான் குறை சொன்னால் நன்றி கெட்டவன் ஆவேன். எழுத ஆரம்பித்த ஒரே மாதத்தில் முதல் பில் அடித்தது அதில்தான். மூட்டை கட்டுவதும் பார்வைக்கு எளிது: ஒரு கட்டளை, ஒரு எக்ஸ்இ ஃபைல். உள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் விஷயம். பைஇன்ஸ்டாலர் உங்கள் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றுவதில்லை. பைதானையும், திரையை வரையும் க்யூட்டி நூலகத்தையும், உங்கள் நிரலையும் ஒன்றாகத் திணித்துக் கட்டுகிறது. ஒற்றை ஃபைலாகக் கட்டினால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அத்தனையையும் டெம்ப் ஃபோல்டரில் அவிழ்த்துவிட்டுத்தான் ஓட ஆரம்பிக்கும். பழைய ஹார்டுடிஸ்கில் அதற்கு இருபது வினாடிக்கு மேல் ஆகும். கடை திறக்கிற நேரத்தில் இருபது வினாடி என்பது இரண்டு வாடிக்கையாளர் முகம் சுளிக்கிற நேரம்.

அதையும் பொறுத்துக்கொள்ளலாம். பைஇன்ஸ்டாலர் எந்த ஓஎஸ்ஸில் ஓடுகிறதோ அந்த ஓஎஸ்ஸுக்கு மட்டுமே மூட்டை கட்டும் என்பதுதான் பெரிய வம்பு. விண்டோஸ் எக்ஸ்இ வேண்டுமென்றால் விண்டோஸில் உட்கார வேண்டும், உபுண்டுவுக்கு உபுண்டுவில். காசிமேட்டு விண்டோஸ் 7க்குத் தனியாக இன்னொன்று, ஏனென்றால் பைதான் 3.8தான் அதில் ஓடும் கடைசிப் பதிப்பு. க்யூட்டி 6ம் அங்கே ஓடாது, க்யூட்டி 5க்கு இறங்க வேண்டும். ஆக, என் லேப்டாப்பில் மூன்று விர்ச்சுவல் மெஷின்கள், அதாவது கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓடும் கம்ப்யூட்டர்கள். ஒவ்வொன்றுக்கும் அதனதன் அப்டேட், அதனதன் நூலகப் பதிப்பு.

செப்டம்பரில் நடந்தது இதுதான். வரம்பை 22ஆம் தேதி முதல் மாற்ற ஒரு வரி, பத்து நிமிடம். மூன்று மெஷின்களையும் எழுப்பி, ஆறு மாதமாகத் தொடாமல் கிடந்தவற்றை ஒழுங்குபடுத்தி மூன்று மூட்டை கட்ட இரண்டு ராத்திரி. உபுண்டு மெஷினை நடுவில் எப்போதோ 22.04 பதிப்புக்கு ஏற்றியிருந்ததை மறந்துவிட்டேன். அதில் கட்டியதை 20.04 இருந்த கடையில் போட்டதும், லினக்ஸின் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சி 2.35 இல்லை என்று கையை விரித்தது. அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது 2.31. லினக்ஸில் பாலபாடமே இதுதான்: எது மிகப் பழைய ஓஎஸ்ஸோ அதில் கட்டு, புதியதில் ஓடும், தலைகீழாகச் செய்தால் ஓடாது. தெரிந்தே கோட்டைவிட்டேன். மூன்றாவது ராத்திரியும் போனது.

அப்புறம் விநியோகம். ஜிமெயில் எக்ஸ்இயை ஏற்காது, ஜிப் செய்தாலும் கண்டுபிடித்துவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எழுபது எண்பது எம்பியை இறக்கி, சரியான ஃபோல்டரில் வைக்கக் கடைக்காரருக்குப் பொறுமை கிடையாது. கடைசியில் பென் டிரைவும் பைக்கும்தான். பென் டிரைவில் ஒரு வசதி உண்டு: இணையத்திலிருந்து இறங்கிய ஃபைலுக்கு விண்டோஸ் குத்தும் முத்திரை, ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவில் தங்காது, அதனால் அந்த நீலக் கலர் ஸ்மார்ட்ஸ்கிரீன் எச்சரிக்கை வராது. ஆனால் ஆன்டிவைரஸ் வரும். பைஇன்ஸ்டாலரின் அதே தொடக்க நிரலை வைரஸ் எழுதுகிறவர்களும் பயன்படுத்துவதால், ஒன்றும் அறியாத பில்லிங் மென்பொருளும் சந்தேகக் கேஸில் உள்ளே போய்விடுகிறது. திருவொற்றியூர் ஹார்டுவேர் கடையில் என் கண் முன்னாலேயே ஐகான் வெள்ளையாகி மறைந்தது. "என்னப்பா, போட்டதும் காணோம்?" என்றார் அண்ணாச்சி. மூர்மார்க்கெட் மேஜிக் மாதிரி இருந்தது.

இனி மற்ற ஐந்து கடைகள். கோ மொழியில் அதே ஒரு வரியை மாற்றினேன். எந்த ஓஎஸ், எந்தச் சில்லு என்று இரண்டு மாறிகளை மாற்றி மாற்றிக் கொடுத்தால், உபுண்டு லேப்டாப்பில் இருந்தபடியே விண்டோஸுக்கும் மேக்குக்கும் லினக்ஸுக்கும் தனித்தனி ஃபைல் வந்து விழும். விர்ச்சுவல் மெஷின் கிடையாது. சி நூலகத்தைத் தொடாமல் கட்டினால் ஜிலிப்சி தகராறும் இல்லை, 20.04, 24.04 எதில் போட்டாலும் ஓடும். இதற்காக எஸ்க்யூலைட் டேட்டாபேஸுக்கு, சி மொழியை நம்பிய வழக்கமான இணைப்பை விட்டு, முழுக்க கோ மொழியிலேயே இருக்கும் வடிவத்துக்கு மாறினேன். வேகம் கொஞ்சம் குறைவுதான், ஆனால் ஒரு நாளைக்கு முந்நூறு பில் போடும் கடையில் அது தெரியாது. திரை என்று தனியாக எதுவும் இல்லை: அந்தக் கம்ப்யூட்டரிலேயே ஒரு குட்டி சர்வர், பிரவுசரில் பக்கம். படம், எழுத்துரு எல்லாம் எக்ஸ்இக்குள்ளேயே அடக்கம். மொத்தம் இருபது எம்பிக்குப் பக்கம்.

நான் கட்சி மாறியதற்கு இதுகூடக் காரணமில்லை. அப்டேட்தான். ஓடிக்கொண்டிருக்கும் எக்ஸ்இயை விண்டோஸில் அழிக்க முடியாது, மேலெழுதவும் முடியாது. ஆனால் பெயர் மாற்ற விடும்! காலையில் கடை திறந்ததும் மென்பொருள் என் சர்வரில் புதுப் பதிப்பு இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் இறக்கும், என் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்கும், ஓடிக்கொண்டிருக்கும் தன் பெயரையே பழையது என்று மாற்றும், புதியதைத் தன் பெயரில் வைக்கும், ஒரு தடவை மூடித் திறக்கும். லினக்ஸிலும் மேக்கிலும் அதே பெயர் மாற்றும் வித்தை அப்படியே செல்லும். புதியது சொதப்பினால் பழையது பக்கத்திலேயே இருக்கிறது. ப்ரோக்ராம் ஃபைல்ஸ் பக்கம் போகாமல் பயனர் ஃபோல்டரில் வைத்திருப்பதால் அட்மின் பாஸ்வேர்டும் கேட்காது. பைதான் மூட்டையிலும் இதை எழுதியிருக்கலாமே என்றால், எழுதலாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் எண்பது எம்பி, புது எக்ஸ்இ வந்தவுடன் ஆன்டிவைரஸ் பாயும், மூன்று மெஷினில் கட்டும் வேலையும் குறையாது.

செப்டம்பர் 5 ராத்திரி ஏற்றினேன். மறுநாள் காலை பத்தரைக்குள் நாலு கடைகளில் புதுப் பதிப்பு. ஐந்தாவது கடையில் நெட் இல்லை. சாயங்காலம் வந்ததும் தானே எடுத்துக்கொண்டது. பைதான் கட்சியின் கடைசிக் கடையை நான் முடித்தது 19ஆம் தேதி.

கோ மொழியில் பட்ட அடியையும் சொல்லாவிட்டால் விளம்பரம் மாதிரி ஆகிவிடும். பில்லைத் தமிழில் அடிக்க வேண்டும். மலிவான தெர்மல் பிரிண்டருக்குத் தமிழ் தெரியாது, எழுத்தைப் படமாக வரைந்துதான் அனுப்ப வேண்டும். க்யூட்டியில் அது இலவசமாக வந்தது. கோவின் வழக்கமான எழுத்துரு நூலகமோ குறியீடு வந்த வரிசையிலேயே வரைகிறது: 'கெ' என்றால் ககரத்தை வைத்துவிட்டு, அதற்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பைப் பின்னால் ஒட்டுகிறது. "பென்சில்" என்று டைப் செய்தால் கொம்பு பகரத்தைத் தாண்டிப் போய் நிற்கும். இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் உறைத்தது, பிரவுசர் கையில் இருக்கிறதே! பில்லைப் பிரவுசரிலேயே கேன்வாஸ் என்ற வரைபலகையில் வரையச் செய்து, 80 மில்லிமீட்டர் தாளுக்கு 576 புள்ளி அகலத்தில் வாங்கி பிரிண்டருக்குத் தள்ளுகிறேன். கொம்பு இப்போது அதனிடத்தில் நிற்கிறது.

லினக்ஸில் மென்பொருளைப் பொட்டலம் கட்ட டெப், ஃபிளாட்பேக், ஸ்னாப், ஆப்இமேஜ் என்று பல வகை உண்டு. லினக்ஸ்காரர்கள் "டெப் கட்டியிருக்கலாமே, ஃபிளாட்பேக் இருக்கிறதே" என்பார்கள். டெப் நல்ல பொட்டலம்தான், ஆனால் உபுண்டு 24.04இல் பல நூலகங்களின் பெயருக்குப் பின்னால் டி64 என்று வால் முளைத்த பிறகு, என் மென்பொருளுக்குத் தேவையான நூலகங்களின் பட்டியல் பழைய உபுண்டுவுக்கு ஒன்று, புதியதற்கு ஒன்று என்று இரண்டாக உடைந்தது. ஃபிளாட்பேக்கில் சின்ன பில்லிங்குக்கு நூற்றுக்கணக்கான எம்பி ரன்டைம் இறக்க வேண்டும், மென்பொருளை அது அடைத்து வைக்கும் வேலிக்குள் இருந்து பிரிண்டரைத் தொடத் தனி அனுமதி வேறு. ஸ்னாப் ஒரு நாளைக்கு நாலு தடவை அப்டேட் தேடுகிறது. பிடித்துத்தான் இருந்தது, ஆனால் மூன்று கடைகளுக்காக ஸ்டோருக்குப் போக மனம் வரவில்லை. ஆப்இமேஜை மட்டும் மூன்று மாதம் ஓட்டிப் பார்த்தேன். ஒற்றை ஃபைல், அருமை, ஆனால் அதற்குத் தேவையான லிப்ஃபியூஸ்2 நூலகம் உபுண்டு 22.04இலிருந்து கூடவே வராததால் அதைத் தனியாகப் போட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. ஊருக்கே விநியோகிக்கும் மென்பொருள் என்றால் ஃபிளாட்பேக்தான் சரி என்று தோன்றுகிறது. என் அளவு வேறு.

மேக்கில் என் அனுபவம் ராயபுரத்தில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். முதல் முறை செட்டிங்ஸுக்குள் போய் 'எப்படியாவது திற' என்று அழுத்திக் கொடுத்தேன், அதன் பிறகு ஒன்றரை வருடமாகத் தகராறு இல்லை. ஒன்றை வைத்து ஊருக்கு உபதேசம் செய்ய மாட்டேன். நாலைந்து மேக்கில் விற்பதாக இருந்தால் ஆண்டுக்கு 99 டாலர் கட்டி ஆப்பிளிடம் நோட்டரைஸ் செய்துவிடுங்கள், அதாவது அவர்கள் சோதித்துச் சான்று தரட்டும்.

இப்போது பன்னிரண்டு கடைகள் கோவுக்கு வந்துவிட்டன. ஒன்று டிசம்பர் ஸ்டாக் கணக்கு முடியட்டும் என்று நிற்கிறது. மற்றது காசிமேடு. கோ மொழியிலும் விண்டோஸ் 7க்கு வழி இருக்கிறது, 1.20தான் அதில் ஓடும் கடைசிப் பதிப்பு, அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அங்கே குரோமும் 109இலேயே நின்றுவிட்டது. செய்யலாம், ஆனால் செப்டம்பரில் நடந்தது கண் முன்னால் நிற்கிறது. ஏலம் தொடங்குவதற்கு முன்னால் போட்டுவிடலாம் என்று விடியற்காலை மூன்று மணிக்குப் பென் டிரைவோடு போனேன். பழைய எக்ஸ்இயை அழித்தேன், புதியதை ஆன்டிவைரஸ் விழுங்கியது, வெளியே கூடைகள் வந்து இறங்க ஆரம்பித்துவிட்டன. அன்று முழுக்கக் கடைக்காரர் நோட்டில் எழுதினார். சாயங்காலம் எல்லாம் சரியான பிறகுதான் கேட்டார்:

"ஆமா, பச்ச மீனுக்கு ஏதுப்பா ஜிஎஸ்டி?"

இல்லைதான். எல்லாக் கடையும் ஒரே பதிப்பில் இருக்கட்டுமே என்ற என் அழகுணர்ச்சிக்காக அவர் ஒரு நாள் நோட்டுப் போட்டிருக்கிறார். அவருடைய கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கும்வரை பைதான் 3.8 மெஷினை என் லேப்டாப்பில் அழிக்காமல் வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.