மானியத்தில் வரும் பெரிய சார்ஜரா, கைக்காசில் வாங்கும் சிறிய சார்ஜரா: ஒரு விடுதிக்காரரின் ஒப்பீடு

கன்னியாகுமரி ஊருக்குள் எங்கள் குடும்பம் நடத்திவரும் பதினெட்டு அறை விடுதியில், மின்கார்களில் வரும் விருந்தினர்களுக்கு மின்னேற்ற வசதி செய்து தர வேண்டும் என்று முடிவானபோது எங்கள் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. சாலையோரமாக எங்களுக்குள்ள மூன்று சென்ட் இடத்தை ஒரு மின்னேற்ற நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விட்டு, அரசின் மூலதன மானியத்தை எதிர்பார்த்து அவர்கள் 60 கிலோவாட் டி.சி. விரைவு சார்ஜர் நிறுவ ஒப்புக்கொள்வது ஒரு வழி. மின்வாரியத்திடம் தனி இணைப்பு வாங்கி, 7.4 கிலோவாட் ஏ.சி. சார்ஜர்கள் இரண்டை எங்கள் செலவிலேயே சுவரில் மாட்டிக்கொள்வது இன்னொரு வழி. நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. தேர்ந்தவன் எழுதுவதால் என் சாய்வு இதில் இருக்கத்தான் செய்யும். வாசிப்பவர்கள் அதற்கு ஏற்பக் கழித்துக்கொள்ளலாம்.

வேகத்தைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. 40 யூனிட் கொள்ளும் பேட்டரி உள்ள கார் ஒன்று ஐந்தில் ஒரு பங்கு மீதத்துடன் வந்து நின்றால், பெரிய சார்ஜர் அதை ஒரு மணி நேரத்துக்குள் எண்பது விழுக்காட்டுக்குக் கொண்டுவந்துவிடும். எங்கள் சுவர்ச் சார்ஜருக்கு முழுவதும் நிரப்ப ஐந்து மணி நேரம் வேண்டும். ஆனால் எங்கள் விருந்தினர்கள் இரவு எட்டு மணிக்கு வண்டியை நிறுத்தி, விடியற்காலையில் சூரிய உதயம் பார்க்க நடந்தே போய்விட்டு, குளித்துச் சாப்பிட்டுப் பத்து மணிக்கு மேல்தான் சாவியைக் கையில் எடுக்கிறார்கள். அந்தப் பதினான்கு மணி நேரத்தில் வண்டிக்கு அவசரம் எதுவும் இல்லை.

மானியம் எப்படி வருகிறது என்பதைத்தான் முதலில் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. மின்வாகனங்களை ஊக்குவிக்க மத்திய அரசு 2019 ஏப்ரலில் தொடங்கி 2024 மார்ச்சில் முடித்த ஃபேம் இரண்டாம் கட்டத் திட்டத்தில், மூன்று அரசு எண்ணெய் நிறுவனங்களுக்கு 7,432 விரைவு மின்னேற்ற நிலையங்கள் அமைக்க 800 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது; அதாவது பணம் பெட்ரோல் பங்குகளை நோக்கிப் போனது. அதற்கு அடுத்து 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பி.எம். இ-டிரைவ் திட்டத்தின் 10,900 கோடியில் 2,000 கோடி பொது மின்னேற்ற நிலையங்களுக்கு உரியது. நான்கு சக்கர வண்டிகளுக்கு 22,100, பேருந்துகளுக்கு 1,800, இரண்டு மற்றும் மூன்று சக்கர வண்டிகளுக்கு 48,400 என மொத்தம் 72,300 சார்ஜர்கள் இலக்கு. அரசு வளாகங்களில் பொதுமக்களுக்குத் தடையின்றித் திறந்துவிடப்படும் நிலையமானால் மின்மாற்றி, கம்பி முதலியவற்றுக்கும் சார்ஜருக்கும் முழுச் செலவையும் பெறலாம். ரயில் நிலையம், பேருந்து நிலையம், அரசு எண்ணெய் நிறுவனங்களின் பெட்ரோல் பங்கு போன்ற இடங்களில் மின்மாற்றி வரையிலான அடிப்படை வேலைக்கு 80 விழுக்காடும் சார்ஜருக்கு 70 விழுக்காடும் கிடைக்கும். எங்களைப் போன்ற தனியார் இடங்களில் அடிப்படை வேலைக்கு மட்டும் 80 விழுக்காடு. சார்ஜர் வாங்குகிற செலவு அவரவர் பாடு.

தாராளமான திட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் விடுதிக்காரர் ஒருவர் நேரே விண்ணப்பம் போட அதில் இடமில்லை. மத்திய அமைச்சகங்கள், மாநில அரசின் முகமைகள், பொதுத்துறை நிறுவனங்கள் ஆகியவை தேவைகளைத் திரட்டி அனுப்ப வேண்டும். நாம் அந்தத் தொடரின் கடைசிக் கண்ணியில், இடம் கொடுப்பவராக மட்டும் நிற்போம். முன்னுரிமையும் பத்து லட்சம் மக்கள்தொகையைத் தாண்டிய நகரங்கள், சீர்மிகு நகரங்கள், மாநிலத் தலைநகரங்கள், போக்குவரத்து மிகுந்த நெடுஞ்சாலைகள் என்ற வரிசையில் போகிறது. 2019இல் மாநகராட்சியான நாகர்கோவில் இவற்றில் எந்த நகரப் பட்டியலிலும் வராது. தமிழ்நாடு அரசின் 2023ஆம் ஆண்டு மின்வாகனக் கொள்கை முன்மாதிரி மின்வாகன நகரங்களாகச் சொல்லும் ஆறில் தென்கோடியில் இருப்பது திருநெல்வேலி. அதற்குத் தெற்கே யாரும் இல்லை. ஆக, குமரி மாவட்டத்துக்கு இந்தப் பணம் வருமானால் நெடுஞ்சாலையைப் பிடித்துக்கொண்டுதான் வர வேண்டும்.

அரசின் ஆதரவு என்றால் மானியம் மட்டுமே என்று நானும் நினைத்திருந்தேன். இரண்டாவது வழியில் ஒரு ரூபாய் மானியமும் இல்லை என்றாலும், சத்தமில்லாத சில சலுகைகள் அதற்குள் இருக்கின்றன. மின்னேற்றம் செய்து கொடுப்பது மின்சாரத்தை மறுவிற்பனை செய்வதாகாது, அதற்கு உரிமம் வேண்டாம் என்று மத்திய மின்துறை 2018இல் தெளிவுபடுத்தியிராவிட்டால் எங்கள் சுவரில் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கவே முடிந்திருக்காது. சார்ஜருக்கான ஜி.எஸ்.டி. 2019 ஆகஸ்டு முதல் 18இலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. பொது மின்னேற்ற நிலையங்களுக்கு மின்வாரியத்தில் தனிக் கட்டண வகை உண்டு. விடுதியின் வணிக இணைப்பில் அதைக் கோக்காமல் தனி மீட்டர் வைத்துக்கொள்வது கணக்குக்கும் நல்லது. வரிக் குறைப்பைத் தவிர மற்றவை ஒருமுறை கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் உதவிகள் அல்ல, ஓடுகிற ஒவ்வொரு யூனிட்டோடும் கூடவே வருபவை.

இந்த ஒப்பீட்டில் எனக்குத் தீர்ப்பாக அமைந்தது பராமரிப்பு. மற்றவற்றை எல்லாம் சேர்த்து எடை போட்டாலும் இந்த ஒன்றுக்கு ஈடாகாது என்பது என் துணிபு.

காரணம் கருவியின் அமைப்பிலேயே இருக்கிறது. கம்பியில் வருவது மாறுமின்னோட்டம், அதாவது ஏ.சி. பேட்டரிக்கு வேண்டியது நேர்மின்னோட்டம், அதாவது டி.சி. ஏ.சி. சார்ஜரைப் பொறுத்தவரை அந்த மாற்றத்தைச் செய்யும் பகுதி காருக்குள்ளேயே இருக்கிறது. சுவரில் தொங்கும் பெட்டி உண்மையில் ஒரு புத்திசாலிச் சுவிட்சுதான். உள்ளே மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ஒரு காண்டாக்டர், ஒரு சிறிய கட்டுப்பாட்டுப் பலகை, கசிவைக் கண்டால் துண்டிக்கும் அமைப்பு, அவ்வளவே. டி.சி. விரைவு சார்ஜரிலோ மாற்றும் வேலை முழுவதும் பெட்டிக்குள்ளேயே நடக்கிறது. அதனால் எழும் சூட்டை வெளியேற்ற விசிறிகள் வெளிக்காற்றை உள்ளே இழுத்து, மின்பலகைகளின் மீது ஓட்டி, மறுபக்கம் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள எங்கள் ஊரில் அந்த விசிறி இழுப்பது உப்புக்காற்றை. ஜன்னல் கம்பிக்கு ஆண்டுதோறும் பெயின்ட் அடித்தும் துரு ஏறுகிற இடத்தில், வடிகட்டியை வாரம் தவறாமல் மாற்றினால்கூட அந்தப் பலகைகள் எத்தனை காலம் தாங்கும் என்பது யோசிக்க வேண்டியது. வெளியூர்களில் ஒரு மழைக்காலம் என்றால் இங்கே ஆனி ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி கார்த்திகை அடைமழையும் உண்டு; ஈரம் காய்வதற்கே நேரம் போதாது.

எங்களுக்கு வயரிங் செய்யும் எலக்ட்ரீசியன் அகஸ்தீஸ்வரத்துக்காரர். இரண்டு கருவிகளின் விவரத் தாள்களையும் அவர் முன் வைத்தபோது, "அண்ணாச்சி, இந்தச் சின்னது கெட்டுப்போனா நான் பார்த்துக்கிடுவேன், பெரியது கெட்டுப்போனா கம்பெனிக்காரனுக்குப் போன் போட்டுட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் என் முடிவு பாதி ஆகிவிட்டது. மீதிப் பாதியை, மாவட்டத்தின் வேறொரு ஊரில் தன் கடை வாசலை ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்திருந்த உறவினர் ஒருவரின் அனுபவம் முடித்துவைத்தது. மழைக்காலத்தில் அவருடைய இடத்தில் இருந்த விரைவு சார்ஜரில் மின்னோட்டத்தை மாற்றும் மாட்யூல் ஒன்று போய்விட்டது. மாற்று உதிரி வந்து சேர நாற்பது நாட்களாயின. அதுவரை அந்த இடத்தில் வேறு வண்டி நிறுத்தவும் ஒப்பந்தம் அனுமதிக்கவில்லை. செல்போன் செயலியோ நிலையம் இயங்குவதாகவே காட்டிக்கொண்டிருந்ததால், வந்து ஏமாந்தவர்களின் ஏச்சு முழுவதும் நிறுவனத்துக்குப் போகாமல் அவருக்கே வந்தது.

இந்த நாற்பது நாட்களுக்கும் அரசின் ஆதரவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். மானியத்தின் முதல் 70 விழுக்காடு கொள்முதல் கட்டத்தில் விடுவிக்கப்படுகிறது; எஞ்சிய 30 விழுக்காடு நிலையம் இயங்கத் தொடங்கியதும் வருகிறது, மானியம் அத்தோடு முடிகிறது. பிள்ளைப்பேற்றுச் செலவை முழுதாக ஏற்றுக்கொண்டு, பால் செலவுக்கு உங்கள் பாடு என்று சொல்வது போன்றது இது. மாதத்தில் எத்தனை நாள் இயங்கியது என்பதோடு பிணைத்து ஆண்டுதோறும் ஒரு சிறு தொகை கொடுத்திருந்தால், உதிரிப் பாகத்தை மதுரையிலாவது இருப்பு வைத்திருக்க வேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்கு வந்திருக்கும். அமெரிக்காவில் கூட்டரசு நிதியில் அமையும் சார்ஜர்களுக்கு 2023இல் வந்த விதி, ஒவ்வொரு முனையும் ஆண்டில் 97 விழுக்காட்டு நேரத்துக்குக் குறையாமல் இயங்க வேண்டும் என்கிறது. நெடுஞ்சாலைத் திட்ட நிதியிலிருந்து ஐந்தாண்டு வரை இயக்கச் செலவுக்கும் உதவ இடம் வைத்திருக்கிறது.

இடம் கொடுப்பவரின் வருமானமும் இதே நூலில்தான் தொங்குகிறது. அரசு நிலங்களை மின்னேற்ற நிலையத்துக்கு யூனிட்டுக்கு ஒரு ரூபாய் பங்கில் கொடுக்கலாம் என்று மத்திய வழிகாட்டுதல் சொல்கிறது. எங்களிடம் பேசிய நிறுவனமும் ஏறக்குறைய அதே கணக்கைத்தான் முன்வைத்தது. நாளுக்கு மூன்று கார்கள், காருக்கு 25 யூனிட் என்று வைத்தால் 75 யூனிட், நமக்கு 75 ரூபாய். மூன்று சென்ட் இடத்துக்கு, அதுவும் கருவி ஓடுகிற நாளில் மட்டும். இளநீர்க் கடைக்கு விட்டாலே இதைவிடக் கூடுதலாக வரும் என்று என் மனைவி சொன்னதை மறுக்க முடியவில்லை.

சிறிய சார்ஜரில் தொல்லையே இல்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். முதல் பங்குனியிலேயே இரண்டு பெட்டிகளிலும் சிவப்பு விளக்கு எரிந்து, எந்தக் காரும் மின்சாரத்தை ஏற்க மறுத்தது. எங்கள் மண் வெறும் மணல். வெயிலில் ஈரம் வற்றியதும் எர்த் சரியாக இறங்கவில்லை, அதைக் கண்டு சார்ஜர் தன்னைத் தானே நிறுத்திக்கொண்டது. அன்று எர்த் குழியில் நான்கு குடம் தண்ணீர் ஊற்றிச் சமாளித்தோம். அந்த வாரமே இரண்டாவது குழி தோண்டி முதலாவதோடு இணைத்தோம். அதன்பின் ஒரு முறை காண்டாக்டர் மாற்றினோம், உதிரி நாகர்கோவிலிலேயே கிடைத்தது, மறுநாள் மதியத்துக்குள் வேலை முடிந்தது. பதினான்கு மாதத்தில் இரண்டு சார்ஜர்களும் ஒன்றாகக் கைவிட்டது அந்தப் பங்குனியில் ஒரு நாள்தான்.

பெரிய சார்ஜருக்கு உரிய இடம் இல்லாமல் இல்லை. மதுரையிலிருந்து கன்னியாகுமரி ஏறத்தாழ 245 கிலோமீட்டர். அந்த நெடுஞ்சாலையில் வருகிறவர்கள் பேட்டரி வற்றித்தான் மாவட்டத்துக்குள் நுழைகிறார்கள். காவல்கிணறு, ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு மணி நேரம் நின்று சாப்பிட்டுவிட்டுப் போகிறவருக்கு என் சுவர்ச் சார்ஜரால் எந்தப் பயனும் இல்லை. அங்கே கடற்காற்றின் உப்பும் இவ்வளவு இல்லை. திருவனந்தபுரத்திலிருந்து வருகிறவர்கள் நிலை வேறு: போகவும் வரவும் சேர்த்தே 180 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடுவதால் பலர் சார்ஜரைத் தேடுவதே இல்லை. நான் ஆரல்வாய்மொழியில் உணவகம் வைத்திருந்தால் இந்தக் கட்டுரையின் முடிவு தலைகீழாக இருந்திருக்கலாம்.

இன்னொரு வகை ஆதரவைக் கேரளத்தில் காணலாம். அங்கே மின்வாரியமே 2021இல் கோழிக்கோட்டில் மின்கம்பங்களில் சிறு சார்ஜர்களை மாட்டிச் சோதித்து, பிறகு 140 சட்டமன்றத் தொகுதிகளுக்கும் ஆட்டோக்களுக்கும் இருசக்கர வண்டிகளுக்குமாக விரிவாக்கியது. களியக்காவிளையைத் தாண்டினால் அந்த ஏற்பாடு தொடங்குகிறது. கம்பத்துக்கு வரும் லைன்மேனே கருவியையும் பார்க்க முடியும் என்பது என் வாதத்துக்குச் சாதகமானதுதான். ஆனால் அவற்றை நானே பயன்படுத்திப் பார்த்ததில்லை என்பதால் அதற்கு மேல் சொல்வது முறையாகாது. இருசக்கர வண்டிகளைப் பற்றியும் எனக்கு அனுபவம் குறைவு. எங்களிடம் வருபவை கார்களே.

என் கணக்கில் உறுதியில்லாத இடம் ஒன்று உண்டு, அது கட்டண நேரம். 2024 செப்டம்பரில் வந்த மத்திய வழிகாட்டுதல், காலை 9 முதல் மாலை 4 வரையிலான சூரிய நேரத்தில் ஒரு யூனிட்டை வழங்க ஆகும் சராசரிச் செலவைப் போல் 0.7 மடங்கும், மற்ற நேரத்தில் 1.3 மடங்கும் மின்வாரியம் மின்னேற்ற நிலையங்களிடம் வாங்கலாம் என்ற கணக்கைப் பரிந்துரைக்கிறது. பகல் வெயிலுக்குத் தள்ளுபடி என்பது சரியான கொள்கைதான். ஆனால் விடுதியில் வண்டி நிற்பது இரவில். முப்பந்தலில் ஆடிக் காற்றில் காற்றாலைகள் இரவெல்லாம் சுற்றுகிற மாவட்டத்தில், இரவு மின்சாரத்துக்கு மட்டும் கூடுதல் விலை என்பது கொஞ்சம் வேடிக்கையாகவே இருக்கிறது. இந்த இடைவெளி இன்னும் விரிந்தால் எங்கள் லாபம் சுருங்கும். அப்போது சுற்றுலாப் பயணிகளிடம் பகலில் ஏற்றிக்கொள்ளச் சொல்லிப் பார்க்க வேண்டியதுதான், கேட்பார்களா என்று தெரியவில்லை.

சபரிமலை சீசனில் மட்டும் இரண்டு சார்ஜர்கள் போதவில்லை. கார்த்திகையிலிருந்து தை வரை இரவில் வண்டிகளை மாற்றி மாற்றி நிறுத்தக் காவலாளி விழித்திருக்க வேண்டியதாயிற்று. மூன்றாவது சார்ஜருக்கான வயரை முன்பே இழுத்து வைத்திருக்கிறோம், அடுத்த சீசனுக்குள் மாட்டிவிடுவோம். சாலையோர மூன்று சென்ட் இடத்தை இன்னும் யாருக்கும் விடவில்லை. பழுதானால் எத்தனை நாளில் சரிசெய்வோம், தவறினால் நாளுக்கு எவ்வளவு தருவோம் என்பதைப் பத்திரத்தில் எழுதித் தருவீர்களா என்று அந்த நிறுவனத்திடம் கேட்டிருந்தேன். அதற்குப் பிறகு அவர்கள் அழைக்கவில்லை.