கடைமடைப் பாசனமா, சொந்தக் கிணறா? இங்கிலாந்துப் பெண்கள் கால்பந்தின் இரண்டாம் படி

2025 மே 4, ஞாயிற்றுக்கிழமை. பர்மிங்ஹாமின் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தில், இங்கிலாந்துப் பெண்கள் கால்பந்தின் இரண்டாம் நிலையான சாம்பியன்ஷிப் லீக்கின் கடைசி நாள் ஆட்டம். முதல் இரண்டு இடங்களில் இருந்த அணிகளே அன்று நேருக்கு நேர் மோதும்படி அட்டவணை அமைந்துவிட்டது. மேல் லீக்குக்குப் போகும் இடம் ஒன்றே ஒன்று. லண்டன் சிட்டி லயனஸஸுக்கு டிரா போதும். சொந்த மண்ணில் ஆடிய பர்மிங்ஹாம் சிட்டியோ வென்றே தீர வேண்டும். ஆட்டம் 2-2 என்று முடிந்தது. பர்மிங்ஹாமுக்கு ஒரு கோல் குறைந்தது. அந்த ஒரு கோலுக்காக இன்னும் ஒரு முழு வருடம்.

அதே சீசனில் பர்மிங்ஹாமின் ஆண்கள் அணி மூன்றாம் நிலை லீக்கில் 111 புள்ளிகள் குவித்து, சாதனையோடு ஒரு படி ஏறியிருந்தது. ஒரே கிளப், ஒரே மைதானம். ஒரு வீட்டில் கல்யாணம் முடிந்த கையோடு அடுத்த அறையில் மௌனம்.

இந்த லீக்கைச் சில வருடங்களாகக் கவனித்து வருகிறேன். மேல் லீக்கான சூப்பர் லீக்கில் செல்சி, ஆர்சனல் என்று பெயர்களே பாதிக் கதையைச் சொல்லிவிடுகின்றன. இரண்டாம் நிலை அப்படியில்லை. இங்கே கோல்களைவிட முக்கியமான கேள்வி ஒன்று எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும்: அடுத்த வருடம் இந்த அணி இருக்குமா? தண்ணீர், அதாவது பணம், எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து அணிகளைப் பிரித்துப் பார்த்தால்தான் இந்தக் கேள்விக்கு விடை பிடிபடுகிறது. ஆண்கள் கிளப்பின் வாய்க்காலில் கடைமடையாக இருக்கும் அணிகள் ஒரு வகை. பெரும் பணக்காரர் ஒருவர் ஆழ்துளைக் கிணறு போட்டுக் கொடுத்த அணி இன்னொரு வகை. ஊரார் கூடி வெட்டிய கிணற்றில் இறைத்துக்கொள்ளும் அணிகள் மூன்றாவது.

கடைமடையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பெரும்பாலான அணிகள் அங்கேதான் இருக்கின்றன. பர்மிங்ஹாம் பெண்கள் அணி 1968 இல் தொடங்கியது. 2012 இல் இங்கிலாந்துக் கால்பந்து சங்கத்தின் எஃப்.ஏ. கோப்பையை வென்றது, 2014 இல் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை போனது. அப்படிப்பட்ட அணியின் வீராங்கனைகள் 2021 இல் தங்கள் நிர்வாகத்துக்கே கடிதம் எழுதினார்கள்: வசதிகள் போதவில்லை, இந்த நிலைமையில் தொழில்முறை அணியாக இயங்க முடியாது என்று. அடுத்த வருடமே அணி இரண்டாம் நிலைக்கு இறங்கியது. 2023 இல் கிளப் நைட்ஹெட் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்தின் கைக்கு மாறியதும் காட்சி மாறிவிட்டது. பெண்கள் அணிக்கும் பணம் வந்தது, தென் கொரிய தேசிய அணி வீராங்கனைகள் வந்தார்கள். தலைமடையில் தண்ணீர் பெருகினால் கடைமடைக்கும் வரும் என்பதற்கு நல்ல உதாரணம்.

தலைமடை வற்றினால் என்ன ஆகும் என்பதற்கு ரெடிங். 2017-18 இல் சூப்பர் லீக்கில் நான்காம் இடம் பிடித்த அணி இது. இங்கிலாந்தின் ஃப்ரான் கிர்பி வளர்ந்தது இங்கேதான். 2023 இல் இரண்டாம் நிலைக்கு இறங்கியது. முழுநேர அணியைப் பகுதிநேர அணியாக மாற்றினார்கள். ஆண்கள் அணியும் உரிமையாளரின் பணமுடையில் தத்தளித்துக்கொண்டிருந்தது. பெண்கள் அணி 2023-24 சீசனில் எப்படியோ தாக்குப்பிடித்து, தரமிறக்கக் கோட்டுக்கு மேலே முடித்தது. அந்தக் கோடைக்காலத்திலேயே சாம்பியன்ஷிப்பிலிருந்து விலகி ஐந்தாம் நிலைக்குப் போய்விட்டது. ஆடித் தோற்றிருந்தால் ஒரு படி இறங்கியிருக்கும். ஆடித் தப்பித்ததும் மூன்று படி இறங்கியது.

2025 இல் அதே கதை பிளாக்பர்னில். அந்தக் கிளப்பின் உரிமையாளர்கள் நமக்குத் தெரிந்தவர்கள்தான், கோழித் தொழிலில் பேர் பெற்ற புணேவின் வெங்கீஸ் குடும்பம். இங்கிலாந்தின் கீரா வால்ஷ், எல்லா டூன் இருவரும் சிறுமிகளாக ஆடிய கிளப் அது. இரண்டாம் நிலை லீக்கின் புதிய நிபந்தனைகளுக்கு ஏற்பச் செலவிட வேண்டிய கட்டாயம் வந்தபோது, வேண்டாம் என்று விலகிக்கொண்டது. இதைப் படித்துவிட்டு இந்திய முதலாளிகள் என்று வெட்கப்பட வேண்டியதில்லை. இங்கிலாந்து முதலாளிகளும் இதையேதான் செய்திருக்கிறார்கள். கடைமடை வயலின் பிரச்சினை முதலாளியின் நாடு சார்ந்தது அல்ல. மதகு இன்னொருவர் கையில் இருக்கிறது, அவ்வளவுதான். ஆண்கள் அணி தரமிறங்கினால் முதலில் வெட்டு விழும் வரவுசெலவுக் கணக்கு எது என்று கிளப் கணக்கர்களைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை.

இனி லண்டன் சிட்டி. 2019 இல் மில்வால் கிளப்பின் பெண்கள் அணியான மில்வால் லயனஸஸிலிருந்து பிரிந்து, எந்த ஆண்கள் கிளப்பின் நிழலும் இல்லாமல் தனியாக நின்ற அணி. 2021-22 இல் லிவர்பூலுக்கு அடுத்து இரண்டாம் இடம் வரை வந்தும் பணம் இல்லாமல் தள்ளாடியது. 2023 டிசம்பரில் மிஷேல் காங் வாங்கினார். கொரியாவில் பிறந்து அமெரிக்காவில் சுகாதாரத் தொழில்நுட்பத்தில் செல்வம் சேர்த்தவர். அமெரிக்காவின் வாஷிங்டன் ஸ்பிரிட், பிரான்ஸின் லியோன் பெண்கள் அணி ஆகியவையும் அவருடையவையே. அதன் பிறகு நடந்தது இரண்டாம் நிலை லீக் பழகியிராத வேகம். கென்ட்டில் பயிற்சி வளாகம் ஒன்றை வாங்கினார்கள். பாரிஸ் பி.எஸ்.ஜி. பெண்கள் அணியை நடத்திய ஜோஸ்லின் பிரெஷூர் பயிற்சியாளராக வந்தார். ஸ்வீடன் கேப்டன் கொசோவரே அஸ்லானி மிலானிலிருந்து வந்தார். உலகக் கோப்பைகளில் ஆடிய ஒருவர், தெற்கு லண்டனின் ஓரத்தில் ப்ராம்லி கிளப்பின் ஹேய்ஸ் லேன் மைதானத்தில், இரண்டாம் நிலை லீக் ஆட்டத்துக்கு ஷூ கயிறு கட்டுவதைக் கற்பனை செய்து பாருங்கள். கொஞ்சம் விநோதமாகத்தான் இருக்கிறது.

விநோதமோ இல்லையோ, ஒரே முழு சீசனில் வேலை முடிந்தது. ஆண்கள் கிளப்பின் துணையின்றி சூப்பர் லீக்குக்கு ஏறிய முதல் அணி என்ற பெயர் லண்டன் சிட்டிக்குக் கிடைத்தது.

பணத்தால் லீக்கை வாங்கிவிட்டார்கள் என்று முணுமுணுப்பவர்களோடு நான் சேர மாட்டேன். 2018-19 இல் மான்செஸ்டர் யுனைடெட் என்ன செய்தது? பல வருடங்களாகப் பெண்கள் அணியே வைத்திராத கிளப், புதிதாக ஓர் அணியைக் கட்டி, கீழ்ப் படிகள் எதையும் ஏறாமல் நேராக இரண்டாம் நிலையில் இடம் வாங்கியது. முதல் லீக் ஆட்டத்தில் ஆஸ்டன் வில்லாவை 12-0 என்று நசுக்கியது. 20 ஆட்டங்களில் 98 கோல் அடித்து, 7 மட்டும் வாங்கியது. அந்த லீக்கில் இடம் பங்கிட்டபோது பணக் கணக்கு கைகூடாமல் விலகி மூன்றாம் நிலைக்குப் போன அணிகளில் டான்காஸ்டர் பெல்ஸும் உண்டு. அதற்கு முந்தைய சீசனில் இரண்டாம் நிலையை வென்ற சாம்பியனே அதுதான்! அப்போது பேசாதவர்கள் காங்கின் பணத்தைப் பற்றி மட்டும் பேசுவது எனக்கு ஒப்பவில்லை. குறைந்தபட்சம் அவருடைய பணம் பெண்கள் அணிக்கென்றே வந்த பணம். ஆண்கள் அணியின் தோல்வியால் அது வெட்டப்படாது.

ஆனால் ஆழ்துளைக் கிணற்றுக்கு ஒரு சுவிட்சுதான் உண்டு. அதை அணைக்க ஒரே ஒரு கை போதும். காங் அணைப்பார் என்று சொல்லவில்லை, சொல்ல ஆதாரமும் இல்லை. அவருக்கு முன்னால் அந்த அணி எப்படி மூச்சு வாங்கியது என்பது மட்டும் நினைவில் இருக்கிறது.

மூன்றாவது வகைக்கு வருகிறேன். என் மனம் இங்கேதான் சாய்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. டர்ஹம் பெண்கள் அணி 2014 இல், உள்ளூர்ச் சிறுமியர் கிளப் ஒன்றும் டர்ஹம் பல்கலைக்கழகமும் கை கோத்து உருவாக்கியது. அதே வருடம் புதிதாகத் தொடங்கிய இரண்டாம் நிலையில் இடம் பெற்றது. அன்று முதல் கீழே இறங்கவில்லை. மேலே ஏறவும் இல்லை. 2020-21 இல் லெஸ்டர் சிட்டிக்கு அடுத்து இரண்டாம் இடம் வரை வந்தது. ஆட்டங்கள் நடப்பது பல்கலைக்கழகத்தின் மெய்டன் காசில் விளையாட்டு வளாகத்தில், வியர் ஆற்றங்கரையில். படிப்பையோ வேறு வேலையையோ சுமந்தபடி ஆடிய வீராங்கனைகள் இந்த அணியில் எப்போதும் உண்டு. சவுத்தாம்ப்டனுக்கு ஆடப் போனால் ஒரு வழிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் பஸ். தோற்றுவிட்டுத் திரும்பும்போது அந்தத் தூரம் இன்னும் நீண்டிருக்கும்.

டர்ஹத்தின் பலம் அடக்கம். கையில் இருப்பதற்கு மேல் செலவழிப்பதில்லை. ரெடிங், பிளாக்பர்ன் எல்லாம் கரைந்துபோன லீக்கில், பெரிய பெயர் எதுவும் பின்னால் இல்லாத இந்த அணி பதினோராவது வருடமும் நின்றது. பலவீனமும் அதுவே. லீக் இப்போது முழுநேரத் தொழில்முறையை நோக்கி ஓடுகிறது. முன்னாள் இங்கிலாந்து வீராங்கனை கேரன் கார்னி தலைமையில் 2023 இல் வெளியான அரசு ஆய்வே இரண்டாம் நிலையும் முழுத் தொழில்முறையாக வேண்டும் என்றது. வீராங்கனைகளின் நலனுக்கு அது சரி. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நிபந்தனை ஒவ்வொன்றும் கூடும்போது கிணற்றின் கயிறும் ஒரு முழம் நீள வேண்டியிருக்கிறது.

லூயிஸ் கிளப் இதே வகைதான், இன்னும் கொள்கைப் பிடிப்போடு. தெற்கே சசெக்ஸில், கிண்ணம் போலக் குழிந்த டிரிப்பிங் பேன் என்ற மைதானம். மேட்டுப் பக்கத்தில் கடற்கரைக் குடில்கள் போல வரிசையாகச் சின்னச் சின்ன மரக் குடில்கள். பெரிய கிளப்புகளின் கண்ணாடி அறைகளுக்குப் பதில் இவர்களுக்கு இதுதான் விருந்தினர் பெட்டி. கிளப் ரசிகர்களுக்குச் சொந்தம். பங்கு எத்தனை இருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்கு. 2017 இல் ஆண், பெண் அணிகளுக்குச் சம நிதி என்று அறிவித்தது. உலகில் எந்தத் தொழில்முறை, அரைத் தொழில்முறைக் கிளப்பும் அதற்கு முன் அப்படிச் செய்ததில்லை. 2023 இல் எஃப்.ஏ. கோப்பைக் காலிறுதி வரை போய், அந்தக் குழிந்த மைதானத்தில் மான்செஸ்டர் யுனைடெடிடம் 1-3 என்று தோற்றது. அடுத்த சீசனில் தரமிறங்கியது. நீதி சாய்ந்துவிட்டது என்று புலம்பத் தோன்றும், உண்மை எளிது. சிறு கிளப்பின் பணத்தைச் சமமாகப் பிரித்தாலும் அது சிறிய பணம்தான்.

ஆக எதைத் தேர்ந்தெடுப்பது? இருபத்திரண்டு வயது வீராங்கனைக்கு ஒப்பந்தம் வந்தால் லண்டன் சிட்டிக்குப் போ என்பேன், இரண்டு வருடத்துக்கு மட்டும் கையெழுத்துப் போடச் சொல்லி. பத்து வயது மகளைச் சேர்க்க ஊர் தேடும் அம்மாவுக்கு டர்ஹம். கடைமடை அணியைக் கேட்டால், ஆண்கள் அணி எந்த லீக்கில் எந்த இடத்தில் இருக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டு வாருங்கள் என்பேன். பர்மிங்ஹாம் இன்று நல்ல தேர்வு. 2021 இல் அந்தக் கடிதம் எழுதியவர்களும் அதே சட்டையைத்தான் அணிந்திருந்தார்கள்.

மேலே ஏறினால் மட்டும் எல்லாம் தீர்ந்துவிடுவதில்லை. 2023-24 இல் இதே லீக்கை வென்ற கிரிஸ்டல் பேலஸ், அடுத்த வருடம் சூப்பர் லீக்கில் கடைசி இடம் பிடித்துத் திரும்பி வந்தது. இப்போது பெயர் மாறிவிட்டது. 2025 முதல் சாம்பியன்ஷிப் என்பது சூப்பர் லீக் 2. 2025-26 சீசனுக்கு மேலே ஏறும் இடங்களும் கூடின.

கீழே இறங்கும் கதைதான் இன்னும் கோணலாக இருக்கிறது. 2024 இல் லூயிஸ் தரமிறங்கிய அதே கோடையில் ரெடிங் விலகியது. காலியான இடம் லூயிஸுக்குக் கிடைக்கவில்லை. லீக் பதினோரு அணிகளோடு ஓடியது. 2025 இல் ஷெஃபீல்ட் யுனைடெட் கடைசி இடத்தில் முடித்துத் தரமிறங்கக் காத்திருந்தது. பிளாக்பர்ன் விலகியது. இந்த முறை காலியிடத்தை நிரப்பினார்கள். ஷெஃபீல்ட் அங்கேயே தங்கிவிட்டது.